மின்சாரத்தை யார் இழுக்கிறார்? மலை வீட்டுக்கு ஏற்ற அளவுகருவி

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான சலுகை விலை போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடினால் 1,958 ரூபாய். அதன்பின் விலைகள் கொஞ்சம் மாறினாலும், எந்தச் சாதனம் எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துகொள்வதில் காசு இருக்கிறது.

இதற்கு, போன்வழி இயங்கும் ஸ்மார்ட் பிளக் வாங்கச் சொல்லித்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வருகின்றன. சென்னை அடுக்குமாடியில் அது சரி. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகும் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் தள்ளித் தள்ளி அமைந்த வீடுகளுக்குக் கணக்கு வேறு. பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேண்டும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மிளகுத் தோட்டத்துக்குப் போனால் இணைப்பும் கூடவே போய்விடும்.

ஆகவே முதலில் செலவில்லாத வழி. மின்வாரிய டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்பதும் மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், ஒரு நிமிடத்தில் மின்னியதை எண்ணி 18.75ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு கிரைண்டரை மட்டும் ஓடவிட, நிமிடத்துக்கு 8 முறை மின்னினால் 150 வாட். பிளக்கே இல்லாத சீலிங் ஃபேன், டியூப்லைட், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் இப்படி அளக்கலாம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சாமை, தினையை மீட்க இந்த மலைக்குக் கொண்டுவந்த அரவை இயந்திரங்களைப் போன்ற பெரிய மோட்டார்களுக்கும் மீட்டர்தான் சரியான இடம். அவற்றை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டவே கூடாது. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் பாயும், பிளக்கின் உள்ளே இருக்கும் ரிலே கருகிவிடலாம்.

ஆனால் பிரிட்ஜிடம் இந்த எண்ணிக்கை தோற்றுப்போகும். கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்; ஒரு நிமிடக் கணக்கால் பயனில்லை. குறைந்தது 24 மணி நேரம் அளக்க வேண்டும். இங்கேதான் சுவர் சாக்கெட்டில் மாட்டும் சாதாரண வாட் மீட்டர் கைகொடுக்கிறது. திரையிலேயே யூனிட் தெரியும். வைஃபையும் வேண்டாம், போனும் வேண்டாம். ஒன்றை வாங்கி நாலைந்து வீடுகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். இணையம் நிலையாக இல்லாத மலை வீட்டுக்கு இதுவே நல்ல தேர்வு.

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால், அல்லது விருந்தினர் தங்கும் அறைகளை நடத்தினால், ஸ்மார்ட் பிளக் தன் விலைக்கு வேலை செய்யும். யாரும் இல்லாத அறையில் கீசர் எரிவதை அது போனில் காட்டும், அங்கிருந்தே அணைக்கவும் விடும். வாங்கும்போது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று ஆம்பியர்: 6 ஆம்பியர் பிளக் சுமார் 1,380 வாட் வரைதான் தாங்கும், 2,000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் கட்டாயம். மற்றொன்று, எல்லா ஸ்மார்ட் பிளக்கும் அளக்காது. டிபி-லிங்க் டாபோவில் பி110 மின்சாரத்தை அளக்கும், பி100 எரியவிடவும் அணைக்கவும் மட்டுமே செய்யும். பெட்டியில் மின் அளவீடு உண்டா என்று படித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஸ்மார்ட் பிளக்கின் செயலி காட்டும் ரூபாயை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ஒரே யூனிட் விலையைக் கேட்டு, மாதக் கணக்கு போடும்; நம் கட்டணமோ படிப்படியாக ஏறுவது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. யூனிட்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். ரிமோட்டில் அணைத்த பிறகும் 10 வாட் இழுக்கும் செட்டாப் பாக்ஸ் 60 நாளில் 14.4 யூனிட் தின்னும். இலவச 100இல் ஏழில் ஒரு பங்கு அது. ஸ்மார்ட் பிளக்கும் சும்மா இருப்பதில்லை: ஒரு வாட் எடுத்தாலும் அதே 60 நாளில் 1.44 யூனிட்.

காற்று மழைக் காலத்தில் கரண்ட் போய் வரும் ஊரில் இன்னொன்றும் முக்கியம். மின்சாரம் திரும்பியதும் பிளக் பழைய நிலைக்கு வர வேண்டுமா, அணைந்தே இருக்க வேண்டுமா என்பதைப் பல செயலிகளில் தேர்ந்தெடுக்கலாம். பிரிட்ஜ் மாட்டிய பிளக் தானாக எரிய வேண்டும், கீசர் மாட்டியது அணைந்தே இருக்க வேண்டும்.