ஆச்சியின் முற்றம்

நுழையும்முன்

முற்காலத்தில் பெரியோர் கற்பித்தனர், இளையோர் கற்றனர். உழவும் சமையலும் கணக்கும் கதையும் அவ்வாறே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றன. கணினியும் கைப்பேசியும் வீட்டிற்குள் வந்தபின் இம்முறை சில இடங்களில் தலைகீழாகியுள்ளது. இன்று பெயரன் கற்பிக்கிறான், பாட்டி கற்கிறார். கற்பிப்பவருக்கு அறிவு மட்டும் போதுமா? இப்பாடம் அவ்வினாவை ஆராய்கிறது.

1. பத்து நிமிட வேலை

புனே நகரின் தாபோடிப் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அக்குடும்பத்தின் மூத்தவரான ஆச்சி, தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். அஞ்சல் துறையில் பணியாற்றிய தாத்தா மறைந்தபின், குடும்ப ஓய்வூதியமே அவருடைய வருவாய்.

மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வேண்டும். எண்பது வயது நிறைந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே அளிக்கலாம். சான்றிதழ் வந்துசேராவிட்டால் ஓய்வூதியம் நிறுத்திவைக்கப்படும். சான்றிதழ் அளித்தபின்னரே நிலுவையுடன் மீண்டும் கிடைக்கும். முன்பு இதற்காக முதியோர் நேரில் சென்று காத்திருந்தனர். 2014 நவம்பர் 10 அன்று 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணுச் சான்றிதழ் முறை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் கைரேகை அல்லது கருவிழியைப் பதிவுசெய்யும் கருவி தேவைப்பட்டது. 2021 நவம்பரில், கைப்பேசியின் ஒளிப்படக்கருவியில் முகத்தைக் காட்டியே சான்றிதழ் பெறும் வசதியும் வந்தது.

ஓர் ஆண்டு நவம்பரில் ஆச்சி புனேக்கு வந்திருந்தார். எட்டாம் வகுப்பில் படிக்கும் பெயரன் தன் தந்தையின் கைப்பேசியை எடுத்தான், செயலியைத் திறந்தான், எண்களை இட்டான். "ஆச்சி, கண்களைச் சிமிட்டுங்கள்" என்றான். ஆச்சி சிமிட்டினார். சான்றிதழ் பதிவாகிவிட்டது. பத்தே நிமிடம்! வீட்டிலிருந்த அனைவரும் அவனைப் பாராட்டினர். ஆனால், அந்தப் பத்து நிமிடத்தில் ஆச்சி கற்றுக்கொண்டது கண் சிமிட்டுவதை மட்டுமே. அதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2. அடுத்த நவம்பர்

அடுத்த ஆண்டு ஆச்சி ஊரில் தனியே இருந்தார். அவருக்கெனப் புதிய கைப்பேசி ஒன்று வாங்கி அனுப்பப்பட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயரன் பக்கத்து வீட்டுக்காரரின் தொலைபேசி வழியாக ஆச்சியிடம் பேசினான்.

"ஆச்சி, அந்தப் படத்தைத் தொடுங்கள்."

"தொட்டுவிட்டேன் ராசா. அது திறக்கவில்லையே. வேறு ஏதோ எழுத்தெல்லாம் வருகிறது."

"அழுத்தாதீர்கள்! தொடச் சொன்னேன்."

"தொடுவதற்கும் அழுத்துவதற்கும் என்ன வேறுபாடு ராசா?"

மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. பெயரனுக்குச் சினம் வந்தது. "இதுகூடத் தெரியாதா ஆச்சி? எத்தனை முறை சொல்வது?" என்று குரலை உயர்த்தினான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி ராசா, நீ போய்ப் படி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆச்சி பேச்சை முடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் சென்றது. ஆச்சியின் கைப்பேசிக்கு முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. "ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். இன்றே சான்றிதழைப் பதியாவிட்டால் உங்கள் பணம் நின்றுவிடும். கைப்பேசியில் ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சொல்லுங்கள்" என்றது அக்குரல். அது மிகவும் பணிவான குரல். ஒருமுறைகூடச் சினக்கவில்லை.

எண் வந்தது. படிப்பதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். அதைத் தேடி உள்ளே சென்றபோது, 'பெயரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா?' என்று ஆச்சிக்குத் தோன்றியது. உடனே ஞாயிற்றுக்கிழமை கேட்ட குரலும் நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை. கண்ணாடி கிடைப்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மீண்டும் வந்த அழைப்பை அவர் எடுக்கவில்லை.

மறுநாள் அஞ்சல்காரர் வந்தபோது ஆச்சி நடந்ததைக் கூறினார். "அம்மா, அது ஏமாற்று வேலை. நல்லவேளை, சொல்லாமல் விட்டீர்கள்" என்றார் அவர். முதியோரின் வீட்டிற்கே சென்று சான்றிதழ் பதியும் சேவையை இந்திய அஞ்சல் பணவழங்கீட்டு வங்கி 2020-ஆம் ஆண்டு முதல் அளித்துவருகிறது. அதன்படி அவரே சான்றிதழையும் பதிந்து கொடுத்தார்.

பொங்கலுக்குப் பிறகே இச்செய்தி புனேக்கு வந்தது. "அம்மா, எங்களிடம் ஏன் முதலில் கேட்கவில்லை?" என்று மகள் வருந்தினாள். "பிள்ளைக்கு எதற்கு இன்னொரு தொந்தரவு என்று விட்டுவிட்டேன்" என்றார் ஆச்சி. தொலைபேசியின் அருகில் நின்ற பெயரன் அதைக் கேட்டான்.

3. பிழை யாருடையது?

ஆச்சிக்கு அறிவு குறைவா? நாற்பது ஆண்டு குடும்பக் கணக்கை மனத்திலேயே வைத்திருப்பவர் அவர். அவருடைய தடுமாற்றத்திற்குக் காரணங்கள் உண்டு.

முதற்காரணம் விரல். இன்றைய தொடுதிரை, விரலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு தொடுதலை உணர்கிறது. முதுமையில் தோல் உலர்ந்துவிடுவதால் மெல்லத் தொட்டால் திரை சிலவேளை உணர்வதில்லை. ஆதலால் முதியோர் அழுத்தித் தொடுகின்றனர். விரலை எடுக்கவும் சற்றுத் தாமதமாகிறது. கைப்பேசியோ, நெடுநேரத் தொடுதலை வேறொரு கட்டளையாகக் கொள்கிறது. ஆச்சி கண்ட 'வேறு எழுத்துகள்' அவ்வாறு வந்தவையே. வீட்டு வேலையால் தேய்ந்த கைரேகையைக் கருவிகள் எளிதில் அறியாமற்போவதும் இத்தகையதே.

இரண்டாவது காரணம் குறியீடு. பல்சக்கரப் படம் 'அமைப்புகள்' என்பதைக் குறிக்கும்; மூன்று புள்ளிகள் 'மேலும் உள்ளவை' என்பதைக் குறிக்கும். இவற்றை எவரும் பிறவியிலேயே அறிவதில்லை. கணினியில் 'சேமி' என்பதற்குரிய சதுரப் படம், பழைய நெகிழ்வட்டின் உருவம். இன்றைய மாணவர் பலர் அவ்வட்டைக் கண்டதே இல்லை. எனினும் பழக்கத்தால் பொருள் அறிகின்றனர். சுட்டியைப் பிடித்து இழுப்பதும் ஒரு காலத்தில் புதிய வித்தையே. 1990-இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 இயங்குதளத்துடன் சாலிட்டேர் என்னும் சீட்டாட்டமும் வந்தது. சீட்டுகளை இழுத்து இழுத்து விளையாடியே அலுவலகத்தில் பணிபுரிந்தோர் பலருக்குச் சுட்டி கைக்குப் பழகிற்று.

மூன்றாவது காரணம் மொழி. ஆச்சியின் கைப்பேசி ஆங்கிலத்தில் இருந்தது. ஆச்சிக்கோ தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். படிக்க இயலாத பலகைகள் நிறைந்த தெருவில் அவரை நிறுத்திவிட்டு, 'ஏன் வழி தெரியவில்லை?' என்று கேட்டது போன்றது அது. புனேக்குப் புதிதாக வரும் தமிழர், மராத்திப் பலகைகளின் முன் திகைத்து நிற்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

4. கணினிக்குத் தமிழ் கற்பித்தவர்கள்

மொழித்தடையை நீக்கும் பணியில் புனேக்கும் பெரும்பங்கு உண்டு. 'சி-டாக்' எனப்படும் மேம்பட்ட கணினியியல் வளர்ச்சி மையம் 1988-இல் புனேயில் நிறுவப்பட்டது. 1991-இல் 'பரம் 8000' மீக்கணினியை உருவாக்கிய நிறுவனம் இதுவே. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய 'ஜிஸ்ட்' என்னும் இந்திய எழுத்துத் தொழில்நுட்பம், பின்னர் இம்மையத்தில் வளர்ந்தது. அதனால் தமிழும் மராத்தியும் பிற இந்திய மொழிகளும் கணினித் திரையில் தோன்றின.

'இன்ஸ்கிரிப்ட்' என்னும் விசைப்பலகை அமைப்பில், ஒரே ஒலிக்குரிய எழுத்து எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே விசையில் அமைந்துள்ளது. மராத்தியில் 'க' தட்டும் விசையே தமிழிலும் 'க' தரும். தமிழுக்கெனவே அமைந்தது 'தமிழ்99' விசைப்பலகை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகளுக்குரிய விசைகள் வலப்பக்கமும் உள்ளன. மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் பிறக்கும் என்னும் இலக்கணமே அதன் அடிப்படை. அரிச்சுவடி கற்றவர் எவருக்கும் அது அயலானதன்று.

5. மலப்புறம் காட்டிய வழி

முதியோருக்குக் கணினி கற்பிக்க இயலுமா என்னும் ஐயத்திற்குக் கேரளம் விடையளித்துள்ளது. வீட்டிற்கு ஒருவரையேனும் கணினி அறிந்தவராக்கும் நோக்கத்துடன் 'அட்சயா' என்னும் திட்டம் 2002-ஆம் ஆண்டு நவம்பரில் அங்கே தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கிவைத்தவர், அந்நாள் குடியரசுத் தலைவரும் இராமேசுவரத்தின் மைந்தருமான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். மலப்புறம் மாவட்டத்தில் முதலில் செயற்பட்ட அத்திட்டம், படிக்கச் செல்ல நெடுந்தொலைவு நடக்கத் தேவையில்லாதவாறு ஊர்தோறும் மையங்களை அமைத்தது. பின்னர் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று முதியோருக்கும் கைப்பேசி கற்பித்தனர். 2025 ஆகஸ்டில், முழுமையான மின்னணு எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. கற்பவர் இருக்கும் இடத்திற்குக் கற்பிப்பவர் சென்றதே அதன் வெற்றிக்குக் காரணம்.

6. ஆச்சியின் குறிப்பேடு

மே மாத விடுமுறையில் பெயரன் நாகர்கோவில் விரைவுவண்டியில் ஊருக்குப் புறப்பட்டான். இம்முறை அவன் தனக்கே சில விதிகளை வகுத்துக்கொண்டான்.

கைப்பேசி எப்போதும் ஆச்சியின் கையிலேயே இருக்க வேண்டும். தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இது எளிதாயில்லை. ஆச்சியின் விரல் தவறான இடத்திற்குச் செல்லும்போதெல்லாம் அவனுடைய கை தானாகவே முன்னே வந்தது. ஒரு நாளைக்கு ஒரு செயல் மட்டுமே என்பது இரண்டாம் விதி. முதல் நாள், கைப்பேசியின் மொழியைத் தமிழாக்கினர். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினர். ஆச்சி திரையை உரக்கப் படித்தார். "இவ்வளவுதானா? இதைத்தான் போன வருடம் என்னிடம் கேட்டாயா?" என்று வியந்தார்.

ஆச்சி ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டார். பெயரன் சொன்ன சொற்களை எழுதவில்லை. தம் சொற்களையே எழுதினார். முகப்புத் திரைக்கு 'முற்றம்' என்று பெயரிட்டார். "எந்த அறைக்குள் வழி தவறினாலும் முற்றத்திற்கு வந்துவிட்டால் போதும்" என்பது அவர் விளக்கம். பல்சக்கரம் 'தேர்ச்சக்கரம்' ஆயிற்று. திரும்பும் அம்புக்குறி 'வந்த வாசல்' ஆயிற்று. ஆங்கிலத்தில் வரும் சொற்களை வரைந்து, அவற்றின் எதிரே தமிழ்ப் பொருளை எழுதிக்கொண்டார்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரன் தன் கையால் மூன்று தொடர்களை எழுதினான்: 'கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. எந்த நேரமும் என்னிடம் கேட்கலாம். நான் கோபிக்க மாட்டேன்.' ஆச்சி அதைப் படித்தார். "எழுத்து இப்போது சரியாக வருகிறது உனக்கு. சின்ன வயதில் 'மழை' என்று எழுத எத்தனை நாள் எடுத்தாய் தெரியுமா?" என்றார். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நவம்பர் வந்தது. பள்ளி முடிந்து வீடு திரும்பிய பெயரன் தன் தாயின் கைப்பேசியில் ஒரு செய்தியைக் கண்டான். ஆச்சியே தமிழில் தட்டியிருந்தார்: 'ராசா, சான்றிதழ் பதிந்துவிட்டேன். அது முடிந்தபின் வேறொரு செய்தி வந்திருக்கிறது. நான் திறக்கவில்லை. முற்றத்தில் நிற்கிறேன். நீ வந்ததும் கூப்பிடு.'

பெயரன் புத்தகப்பையைக் கழற்றாமலே ஆச்சியை அழைத்தான்.

அறிந்துகொள்வோம்

இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானவர் உடனே 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து முறையிடலாம். விரைந்து அழைத்தால், பணம் கைமாறுவதைத் தடுக்கும் வாய்ப்பு மிகுதி.

சொற்பொருள்

ஆச்சி – பாட்டி (நெல்லை வட்டார வழக்கு)
பெயரன் – பேரன்
நிலுவை – கொடுபடாமல் நின்ற தொகை
மீக்கணினி – மிகு விரைவில் கணிக்கும் பெருங்கணினி
அரிச்சுவடி – எழுத்துகளை முதன்முதலாகக் கற்பிக்கும் நூல்
முற்றம் – வீட்டின் உள்ளே அமைந்த திறந்த வெளி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. உயிர்வாழ் சான்றிதழை எந்த மாதத்தில் அளிக்க வேண்டும்? அளிக்காவிட்டால் என்ன நேரும்?
2. முதியோர் தொடுதிரையை அழுத்தித் தொடுவது ஏன்?
3. தமிழ்99 விசைப்பலகையில் எழுத்துகள் எவ்வாறு அமைந்துள்ளன?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. மோசடி அழைப்பு வந்தபோது ஆச்சி பெயரனிடம் ஏன் கேட்கவில்லை? அதனால் என்ன நேர்ந்திருக்கக்கூடும்?
2. முதல் ஆண்டில் பெயரன் செய்தது உதவியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. மொழிப்பயிற்சி
'தொடுதிரை' என்பது தொட்ட திரை, தொடுகின்ற திரை, தொடும் திரை என மூன்று காலத்திற்கும் பொருந்தும். இவ்வாறு காலம் மறைந்து வருவது வினைத்தொகை எனப்படும். பாடத்தில் வரும் 'இயங்குதளம்' என்னும் சொல்லை இதேபோல் விரித்து எழுதுக. இன்னும் இரண்டு வினைத்தொகைகளைக் கண்டு எழுதுக.

ஈ. செயல்பாடு
உம் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கைப்பேசியில் ஒரே ஒரு செயலைக் கற்பிக்கவும். கைப்பேசி அவர் கையிலேயே இருக்கட்டும். குறியீடுகளுக்கு அவர் இட்ட பெயர்களைத் தொகுத்து வகுப்பில் படித்துக் காட்டுக.