கங்கைகொண்ட சோழபுரம்

நிலத்தின் அடியில் மறைந்து கிடக்கும் செல்வம் இருவகைப்படும். ஒன்று இயற்கை புதைத்தது. மற்றொன்று காலம் புதைத்தது. நெய்வேலி மண்ணை அகழ்ந்தால் முன்னையது கிடைக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த காடுகள் மண்ணுள் அழுந்திப் பழுப்பு நிலக்கரியாய்க் கிடக்கின்றன. நெய்வேலிக்குத் தெற்கே வடலூரையும் சேத்தியாத்தோப்பையும் கடந்து, வெள்ளாற்றைத் தாண்டிக் கும்பகோணம் நோக்கிச் செல்லும் பெருவழியில், இரண்டு மணி நேரத்திற்குள் அடையத்தக்க ஊர் ஒன்று உண்டு. அவ்வூரின் மண்ணை அகழ்ந்தால் பின்னையது கிடைக்கும். கங்கைகொண்ட சோழபுரம் என்பது அதன் பெயர். அங்கே மண்ணுள் உறங்குவது ஒரு பேரரசின் தலைநகர்.

சோழர் குலத்தில் தோன்றிப் புகழ் நிறுத்திய மன்னருள் முதல் இராசராசனும் அவன் மைந்தன் முதல் இராசேந்திரனும் தலைசிறந்தவர். தந்தை தஞ்சையில் இருந்து ஆண்டான். அங்கே 1010ஆம் ஆண்டில் பெருங்கோயிலைக் கட்டி முடித்தான். 1014ஆம் ஆண்டு முதல் 1044ஆம் ஆண்டு வரை தனியாட்சி நடத்திய இராசேந்திரன், தந்தை விட்ட நாட்டைக் காத்ததோடு அமையாமல், வடக்கே கங்கைக்கரை வரையிலும் தன் படையைச் செலுத்தினான். 1023ஆம் ஆண்டளவில் அப்படை வெற்றியோடு மீண்டது. கங்கை நீரைக் கொணர்ந்த தானைத் தலைவனைக் கோதாவரிக் கரையில் மன்னன் எதிர்கொண்டான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. இவ்வெற்றியினால் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் பட்டம் பெற்ற அவன், அப்பெயராலேயே ஒரு புதிய தலைநகரை 1025ஆம் ஆண்டளவில் அமைத்தான்.

சோறுடைத்தாகிய சோழவள நாட்டின் நடுவே தஞ்சை இருக்க, கொள்ளிடத்திற்கு வடக்கே மேட்டுநிலத்தில் வேறொரு நகர் எதற்கு? இதற்கு அறிஞர் பல காரணங்களைக் கருதுவர். காவிரியின் தென்பகுதி நன்செய் மிக்கது; பெருநகர் விரிந்தால் வயல் சுருங்கும். கொள்ளிடமோ தெற்கிலிருந்து வரும் பகைக்கு இயற்கையான அகழி போன்றது. மேலும், வடக்கே விரிந்துவிட்ட நாட்டை ஆள்வதற்கு அவ்விடமே வாய்ப்புடையது. எக்காரணம் முதன்மையாயினும், கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றிற்கும் இடைப்பட்ட நிலம் சோழப் பேரரசின் நெஞ்சமாயிற்று.

அந்நகரில் இன்றும் அழியாமல் நிற்பது கங்கைகொண்ட சோழீச்சரம் என்னும் சிவன் கோயில். அதன் விமானம் ஏறத்தாழ 180 அடி உயரமுடையது. தஞ்சை விமானத்தைவிடச் சிறிது தாழ்ந்ததாயினும், அதன் அழகு தனியழகு. தஞ்சை விமானம் நேர்கோடாய் நிமிர்ந்து வீரம் காட்டும்; இதுவோ மெல்ல உட்குழிந்து வளைந்து எழுந்து மென்மை காட்டும். கருவறையில் உள்ள இலிங்கம் 13 அடி உயரமுள்ளது. வடபுறத்து வாயிலருகே, சண்டேசுரருடைய முடியில் இறைவன் தன் கையாலேயே கொன்றை மாலை சூட்டும் சிற்பம் உள்ளது. ஆண்டவன் அளிக்கும் சிறப்பைத் தலை தாழ்த்தி ஏற்கும் அவ்வடியவர் வடிவில், வெற்றிபெற்ற இராசேந்திரனே குறிக்கப்பெற்றான் எனக் கருதுவாரும் உளர். கருவூர்த்தேவர் இக்கோயிலைத் திருவிசைப்பாவில் பாடியுள்ளார். 2004ஆம் ஆண்டில் இது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

கோயில் நின்றது, கோட்டை நிற்கவில்லை. இறைவனுக்குக் கருங்கல்லால் வீடு எடுத்த மன்னன், தான் வாழ்ந்த அரண்மனையைச் செங்கல்லாலும் மரத்தாலுமே எழுப்பினான். கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேடு என்னும் இடம் உள்ளது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையினர் 1980ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிப் பல முறையும், 2021ஆம் ஆண்டு முதல் மீண்டும் அங்கே அகழாய்வு செய்தனர். சுட்ட செங்கற் சுவர்களும், மரத்தூண்களைத் தாங்கிய கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும் வெளிப்பட்டன. சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. சோழ வேந்தர் 1033ஆம் ஆண்டிலும் 1077ஆம் ஆண்டிலும் சீன அரசுக்குத் தூதர்களை அனுப்பினர் என்பது வரலாறு. அரண்மனை மண்ணில் கிடந்த அப்பீங்கான் துண்டுகள் கடல் கடந்த அந்த உறவுக்குச் சான்று கூறுகின்றன.

செங்கல் சிதைந்த இடத்திலும் சொல் சிதையவில்லை. அப்பகுதியிலுள்ள சிற்றூர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். கோட்டையின் உட்பகுதி உட்கோட்டை ஆயிற்று. மாளிகை இருந்த இடம் மாளிகைமேடு. படைக்கலம் வைத்த இடம் ஆயுதக்களம். மன்னனின் மெய்காவலர் குடியிருந்த இடம் மெய்க்காவல்புத்தூர். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு ஆக்கிய இடம் சுண்ணாம்புக்குழி. கடல் கடந்து கடாரத்தை வென்ற செய்தியைக் கடாரங்கொண்டான் என்னும் ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவற்றைக் கல்லில் வெட்டிக் காத்தவர் எவரும் இலர். ஏர் பிடிப்போரும் ஆடு மேய்ப்போரும் வாய்மொழியாய் வழங்கியே காத்தனர். ஒரு நகரின் வரைபடத்தை நாவிலே வைத்துக் காத்த மக்களின் பெருமையை என்னென்பது!

இராசேந்திரன் தன் வெற்றிக்கு அறிகுறியாகக் கல்தூண் நாட்டவில்லை. ஊருக்கு மேற்கே பரந்த ஏரி ஒன்றை வெட்டுவித்து, அதற்குச் சோழகங்கம் என்று பெயரிட்டான். செப்பேடு அதனை நீரால் ஆகிய வெற்றித் தூண் என்னும் கருத்துப்படப் போற்றுகிறது. போரின் நினைவை உழவின் பயனாக மாற்றிய அவ்வெண்ணம் பெரிது. அந்த ஏரி இன்று பொன்னேரி என வழங்குகிறது. கரை காப்பாரும் தூர் எடுப்பாரும் இல்லாத காலம் நீண்டமையால், பழைய பரப்பிற் பெரும்பகுதி தூர்ந்துபோயிற்று. வெட்டுவது மன்னனால் ஆகும். காப்பது மக்களால் ஆகும் என்னும் உண்மையை இவ்வேரி உணர்த்துகிறது.

ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகராய் விளங்கியது இந்நகர். முதற் குலோத்துங்கன் முதலிய வேந்தர் இங்கிருந்து செங்கோல் செலுத்தினர். ஆயினும் 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் வலிமை ஓங்கியது. 1279ஆம் ஆண்டளவில் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது. ஆட்சி நீங்கிய பின் வணிகர் நீங்கினர், வீரர் நீங்கினர், வீதிகள் வயல்களாயின. பிற்காலத்தார் மேட்டைத் தோண்டி, அரண்மனைச் செங்கற்களைத் தம் வீடுகளுக்கு எடுத்துச் சென்றனர்.

இத்தகைய நிலை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் பொலன்னறுவை என்னும் நகரைச் சோழர் தம் ஆட்சிக்கு இருக்கையாக்கி, அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டனர். சோழர் நீங்கிய பின், 12ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகு அங்கிருந்த நீர்நிலைகளை விரிவாக்கிப் பராக்கிரம சமுத்திரம் என்னும் பேரேரியை அமைத்தான். 13ஆம் நூற்றாண்டில் அத்தலைநகரும் கைவிடப்பட்டது, காடு மூடியது. பிற்காலத்தில் அந்த ஏரி செப்பனிடப்பட்டது. இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. அரியணை இருந்த மண்டபம் பாழாயினும், மக்கள் பேணிய நீர்நிலை பயன்படுகிறது.

மீண்டும் சோழபுரத்திற்கு வருவோம். அதன் வரலாற்றில் ஒரு துயரப் பகுதி எஞ்சியுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1836ஆம் ஆண்டில், ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். இன்று அவ்விடம் அணைக்கரை எனப்படுகிறது. அவ்வணைக்கு வேண்டிய கருங்கற்களுக்காகச் சோழீச்சரத்தின் சுற்றுமதிலும் சிற்பம் நிறைந்த பகுதிகளும் இடிக்கப்பட்டன. 1855ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில நூல் ஒன்று இதனை மறைக்காமல் எழுதியுள்ளது. ஏழை மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர், பயன் விளையவில்லை, தடுத்தவர்களே தண்டனை பெற்றனர். கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதிலாவது கட்டித் தரப்படும் என்று கொடுத்த வாக்கும் நிறைவேற்றப்படவில்லை. இவ்வாறு அந்நூல் வருந்துகிறது.

அக்கற்கள் வீணாயினவா? இல்லை. கீழணையில் தேங்கும் நீர் வடவாற்றின் வழியே ஓடி வீராணம் ஏரியை நிரப்புகிறது. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்து வயல்கள் அந்நீரால் விளைகின்றன. 2004ஆம் ஆண்டு முதல் வீராணத்து நீர், சேத்தியாத்தோப்பிலிருந்து நெய்வேலியை அடுத்த வடக்குத்திற்கு ஏற்றப்பட்டு, அங்கே தூய்மை செய்யப்பட்டு, குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. நாள்தோறும் 18 கோடி லிட்டர் நீர் கொண்டு செல்லும் அளவுக்கு அத்திட்டம் வகுக்கப்பட்டது. பழைய தலைநகரின் மதிற்கற்கள் தடுத்து நிறுத்தும் நீர், இன்றைய தலைநகரின் வீடுகளில் குடிநீராகிறது. பயன் உண்மை, அப்பயனுக்காகக் கண்ணீர் விட்டவர் இருந்தனர் என்பதும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது. அணை வேண்டியதே, ஆயினும் மக்களைக் கேளாமல் கல்லைப் பெயர்த்ததும், கொடுத்த வாக்கை மறந்ததும் அறம் ஆகா.

இதனால் தலைநகரின் இயல்பு ஒன்று விளங்குகிறது. தலைநகர் தானே தனித்து வாழ்வதில்லை. அதற்கு நெல் ஓரிடத்திலிருந்து வரும். நீர் ஓரிடத்திலிருந்து வரும். விளக்கு எரியும் ஆற்றல் மற்றோரிடத்திலிருந்து வரும். மரத்தின் உச்சியில் பூத்த மலரை உலகம் காண்கிறது. அம்மலரை ஊட்டும் வேரைக் காண்பார் அரியர். கங்காபுரிக்கு வேராய் இருந்தவை கொள்ளிடக்கரை ஊர்கள். சென்னைக்கு வேராய் இருக்கும் ஊர்களுள் நெய்வேலியும் ஒன்று.

நெய்வேலியின் வரலாறு நெடியதன்று. 1930களில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கருநிறப் பொருளே இதற்கு முதற்குறி. 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி வெளிப்பட்டது. 1962இல் மின்சாரம் பிறந்தது. நிழல் தரும் சாலைகளும் பள்ளிகளும் மருத்துவமனையும் கொண்ட நகரியம் வளர்ந்தது. அந்நகரியத்தின் பகுதிகள் வட்டம் எனப்படும்; அவற்றிற்கு எண்களே பெயர். எண் எளிது, ஆனால் எண்ணுக்கு நினைவு இல்லை. அந்த வட்டங்களும் சுரங்கங்களும் அமைவதற்கு முன் அங்கே ஊர்கள் இருந்தன. குளமும் கோயிலும், முந்திரித் தோப்பும் பலாமரமும், களமும் கிணறும் இருந்தன. அவற்றை விட்டு எழுந்து சென்றவர்களின் நிலத்தின்மீதே சுரங்கமும் நகரியமும் அமைந்தன. நிலம் கொடுத்தோர்க்கு உரியது உரியவாறு கிடைத்தல் வேண்டும் என்னும் குரல் இன்றும் இப்பகுதியில் ஒலிக்கிறது. 1836இல் வாக்கு மறக்கப்பட்ட செய்தியை அறிந்தோர்க்கு அக்குரலின் பொருள் நன்கு விளங்கும்.

மாணவர்களே! நிலக்கரி ஒருநாள் தீரும்; தோண்டியது குறைந்தே தீரும் என்பது இயற்கையின் விதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த பேரரசு நகரம் ஒன்று பின்னர் மறைந்தபோது, அதன் வீதிகளை ஊர்ப்பெயர்களாய்க் காத்தவர்கள் எழுத்தறியா எளியோர். எழுத்தறிந்த உங்களால் ஆகாதது யாது? உங்கள் பாட்டனார் பாட்டியார் அருகில் அமருங்கள். சுரங்கத்தினுள் மறைந்த ஊர் எது, அதன் குளம் எது, கோயில் எது, அங்கிருந்தோர் எங்கே குடியேறினர் என்று கேளுங்கள். கேட்டவற்றை ஆண்டோடும் இடத்தோடும் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வாய்ப்பு நேரும்போது சோழபுரத்திற்குச் சென்று, விமானத்தை அண்ணாந்து பாருங்கள்; பின் அணைக்கரைக்கும் சென்று, அங்குத் தேங்கி நிற்கும் நீரைக் குனிந்து பாருங்கள். நாட்டின் வாழ்வுக்காகத் தம்முடையதை இழந்தோரை மறவாத சமுதாயமே நிலைத்த சமுதாயம். அம்மறவாமையே எந்தத் தலைநகரின் மதிலினும் வலிய மதில்.