பாட்டியின் மாத்திரை நாய்க்கு ஆகுமா?



சென்ற மாதம் பாடம் முடிந்ததும் படிவம் மூன்று மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். ஆயர் ஈத்தாமில் உள்ள அவள் வீட்டில் 11 வயது நாய் ஒன்று இருக்கிறது. காலையில் எழும்போது அதன் பின்னங்கால்கள் விறைத்துக்கொள்கின்றனவாம். படி ஏற மறுக்கிறதாம். “டீச்சர், எங்கள் பாட்டி மூட்டுவலிக்குச் சாப்பிடுகிற மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா?” என்று கேட்டாள். மாத்திரையின் பெயர் மெலோக்சிகாம், 7.5 மில்லிகிராம். நாயின் எடை 10 கிலோ.

“கொடுக்காதே” என்றேன். ஏன் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

மூட்டில் சந்திக்கும் எலும்புகளின் முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. வயது, அதிக எடை, பழைய காயம், சரியாகப் பொருந்தாத இடுப்பு மூட்டு ஆகியவற்றால் அது தேய்கிறது. குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. அதனால் தொடக்கத்தில் வலி தெரிவதில்லை. பிறகு மூட்டின் உள்சவ்வு வீங்குகிறது. இதைத்தான் அழற்சி என்கிறோம். அப்போதுதான் வலி தொடங்குகிறது. பல நாய்கள் இந்த வலிக்குக் கத்துவதில்லை. நடக்கத் தயங்கும், படுத்தே கிடக்கும். “வயதாகிவிட்டது” என்று நாம் விட்டுவிடுகிறோம்.

மாத்திரை எதைத் தடுக்கிறது?

காயப்பட்ட செல்களின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் வெளியாகிறது. காக்ஸ் என்னும் நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின் ஆக்குவதில் முதல் வேலையைச் செய்கிறது. வீக்கத்தையும் வலியையும் கூட்டுவது இந்தப் பொருள்தான். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இது உருவாவதைத் தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவரில் இவரும் ஒருவர்.

ஆனால் புரோஸ்டாகிளாண்டின் நமக்கு நண்பனும்கூட. இரைப்பைச் சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலைகள். மருந்து அளவு மீறினால் இந்தக் காவலும் போய்விடும். இரைப்பையில் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஆபத்துகள் வரிசையாக வரும்.

உடலுக்கு உடல் வேறு

நாப்ராக்சன் என்ற வலி மருந்தின் பாதி அளவு மனித உடலிலிருந்து நீங்க 12 முதல் 17 மணி நேரம் ஆகிறது. நாய்களில் 35 முதல் 74 மணி நேரம் வரை ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பித்தநீரோடு குடலுக்குள் வரும் மருந்தை நாயின் உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். அடுத்த நாள் இன்னொரு மாத்திரை கொடுத்தால், பழையது தீரும் முன்பே புதியது சேர்கிறது. பூனை கதை இன்னும் மோசம். பாராசிட்டமோலை முறித்து வெளியேற்றும் திறன் அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரைகூட அதன் உயிரைப் பறிக்கலாம்.

இந்தியாவில் 1990களில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக்தான் காரணம் என்பது 2004இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. மாட்டுக்கு ஒத்துக்கொண்ட மருந்து, இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மாற்றாகப் பரிந்துரைக்கப்பட்டது எது தெரியுமா? பாட்டியின் அதே மெலோக்சிகாம்! தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இன்றும் பறக்கின்றன.

அப்படியானால் பாதி மாத்திரை?

மெலோக்சிகாமை நாய்களுக்கும் கொடுக்கிறார்கள். சிக்கல் அளவில்தான். தொடர்ந்து கொடுக்கும்போது வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 10 கிலோ நாய்க்கு 1 மில்லிகிராம். பாட்டியின் பாதி மாத்திரையிலோ 3.75 மில்லிகிராம் இருக்கிறது. கிட்டத்தட்ட நான்கு மடங்கு!

சரியான அளவிலும் எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. அதனால்தான் விலங்கு மருத்துவர் முதலில் ரத்தத்தைச் சோதித்து ஈரலும் சிறுநீரகமும் நலமா என்று பார்க்கிறார். மருந்து தொடங்கிய பின் வாந்தி, கறுப்பு மலம், பசியின்மை தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு அவரை அழைக்க வேண்டும். மருந்து மட்டும் போதாது. எடையைக் குறைப்பதும், வழுக்கும் தரையில் பாய் விரிப்பதும், தினமும் மெதுவாக நடக்க வைப்பதும் மூட்டின் சுமையைக் குறைக்கும்.

அந்த மாணவியின் குடும்பத்தார் நாயை மருத்துவரிடம் கொண்டு போனார்கள். எடைக்கு ஏற்ப அளந்து கொடுக்கும் திரவ மருந்து கிடைத்தது. “படி ஏறுகிறது டீச்சர், மெதுவாகத்தான்” என்றாள் சென்ற வாரம்.

சிந்தித்துப் பாருங்கள்

1. 24 கிலோ எடையுள்ள நாய்க்கு இதே கணக்கில் நாளொன்றுக்கு எத்தனை மில்லிகிராம்?

2. வலி மருந்தை உணவுக்குப் பின் சாப்பிடச் சொல்கிறார்களே, ஏன்? புரோஸ்டாகிளாண்டினின் வேலைகளை நினைத்துப் பார்த்து விடை எழுதுங்கள்.