காய்ச்சலோடு வயிற்றுவலியா? பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளைக்கு வயிறு வலித்து வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவிவிடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரணக் கோளாறுதான். ஆனால் கூடவே காய்ச்சலும் விடாமல் இருந்தால், சமீபத்தில் வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா என்று யோசிக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் எச்சரித்த நோய் 'மிஸ்-சி'. அரிதானது, ஆனால் ஆபத்தானது. கொரோனா தொற்றிய 2 முதல் 6 வாரங்களில், உடலின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறி இதயம், குடல், இரத்தக் குழாய்களில் அழற்சியை உண்டாக்குகிறது. குடல் பகுதி வீங்குவதால் வலி கடுமையாகும். குடல்வால் அழற்சி என்று தவறாக எண்ணப்பட்டதும் உண்டு. கண் சிவத்தல், தோல் தடிப்பு, உதடு வெடிப்பு ஆகியவையும் வரலாம். முந்தைய தொற்று நமக்குத் தெரியாமலே வந்து போயிருக்கலாம்.

பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, மூச்சு வாங்கினாலோ, கைகால் சில்லிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். முன்பு வந்த காய்ச்சல், சளியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலத்தோடு சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோர் குணமடைந்துள்ளனர்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். துஆவும் செய்வோம், மருத்துவத்தையும் தாமதமின்றி நாடுவோம்.