தடுப்பூசியும் பெற்றோர் சம்மதமும்

பெற்றோர் வேண்டாமென்று மறுத்த தடுப்பூசியை, பருவ வயதுப் பிள்ளை தானே சம்மதித்துப் போட்டுக்கொள்ளலாமா? இங்கிலாந்திலுள்ள முஸ்லிம் வீடுகளில் எழும் கேள்வி இது. முதலில் அந்நாட்டுச் சட்டத்தையும், பிறகு ஷரீஅத்தையும் பார்ப்போம்.

சட்டம்: 16 வயது நிரம்பியவர் தம் சிகிச்சைக்குத் தாமே சம்மதம் தரலாம் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குக் குறைந்தோர் நிலை, கில்லிக் என்ற தாயார் தொடுத்த வழக்கில் 1985இல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பால் தெளிவாயிற்று. சிகிச்சை இன்னது, அதன் நன்மை தீமை இன்னது என்று முழுமையாக விளங்கும் அறிவு பிள்ளைக்கு இருந்தால் அதன் சம்மதமே போதுமானது. பள்ளியில் போடும் தடுப்பூசிக்கும் இதுவே அளவுகோல். பெற்றோருக்குப் படிவம் அனுப்பப்படும். அவர்கள் மறுத்தும் பிள்ளை விரும்பினால், அதன் விளக்கத்தைச் சோதித்தறிந்த பின்பே நர்ஸ் ஊசி போடலாம்.

மார்க்கம்: பாலிக் ஆவதற்குரிய அடையாளம் எதுவும் தோன்றாவிடில், பிறைக் கணக்கில் 15 வயது பூர்த்தியாவதே எல்லை என்பது இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபு. ஆனால் பாலிக் ஆவது வேறு. 'ருஷ்து' எனும் விவேகம் வேறு. அநாதைகளைச் சோதித்து, பருவமடைந்த அவர்களிடம் விவேகத்தைக் கண்டால் அவர்களது பொருளை ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயம் 6ஆம் வசனம் ஏவுகிறது. பொருளுக்கே சோதனை உண்டென்றால், உடல் சம்பந்தமான காரியத்தில் வயதை மட்டும் பார்த்தால் போதுமா? சிந்திக்க வேண்டும்.

பெற்றோரே! நீங்கள் மறுக்கும் காரணம் சரிதானா என்று விசாரித்தீர்களா? மூக்கில் செலுத்தும் ஃப்ளூ மருந்தில் பன்றி ஜெலட்டின் உண்டு. உங்கள் தயக்கம் நியாயமே. ஆனால் அதற்குப் பதிலாக ஜெலட்டின் இல்லாத ஊசியைக் கேட்டுப் பெறலாம். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஹெச்.பி.வி. ஊசியிலோ ஜெலட்டினே இல்லை. அதை 12, 13 வயதில் போடுவது ஒழுக்கத்தைச் சந்தேகித்து அன்று. கிருமி தொற்றுமுன் போட்டால்தான் முழுப்பலன் என்பதற்காகவே. வலீ என்ற பொறுப்பு அமானிதம். பிள்ளையின் நலனுக்காகவே அது தரப்பட்டது.

பிள்ளைகளே! சட்டம் இடம் தருகிறதென்று ஒளித்துச் செய்யாதீர்கள். நோயைத் தடுத்துக்கொள்ள விரும்புவது பெற்றோரை நோவினை செய்வதாகாது. பொய் சொல்வதும் கடுஞ்சொல் பேசுவதுமே பாவம். வாப்பாவிடமும் உம்மாவிடமும் பணிவோடு காரணத்தைச் சொல்லுங்கள். அவர்கள் இணங்காவிடில், மார்க்கமறிந்த ஒருவரையும் மருத்துவர் ஒருவரையும் நடுவில் வையுங்கள்.

சட்டம் திறந்து வைத்திருப்பது கடைசி வாசல். அதுவரை போகாமல் வீட்டிற்குள்ளேயே மஷூரா செய்து முடிப்பதே அழகு.

வல்லாஹு அஃலம்.