இடப்பக்கச் சட்டத்தில் ஒரு நம்பர்

ஆவடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 18 படங்களையும் பார்த்தேன். போனில் பார்த்தது போதாமல் பக்கத்து வீட்டுப் பையனின் கம்ப்யூட்டரிலும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபோர்டு மாடல் ஏ, 1930, திறந்த பாடி, 'யாரும் கை வைக்காத வண்டி' என்று விற்பவர் எழுதியிருக்கிறார். ஏலம் முடிய இன்னும் 9 நாள். போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்பாய், பிறகு உன் இஷ்டப்படிதான் செய்வாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டயரின் பக்கவாட்டில் 21 என்று இருக்கிறது, கவனித்தாயா? 1928, 29 வண்டிகளுக்குத்தான் 21 அங்குலச் சக்கரம். 1930-இல் 19 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். ரேடியேட்டர் கூடும் விளக்குக் கூடும் அதே வருஷம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறின. அதற்கு முன் நிக்கல் முலாம். உன் படத்தில் முலாம் உரிந்து கிடக்கிறது. ஆக, வண்டியே 1929 ஆக இருக்கலாம். இல்லை, 1930 வண்டிக்கு யாரோ பழைய வண்டியின் சாமான்களை மாட்டியிருக்கலாம். வருஷத்தைத் தப்பாகப் போட்டிருந்தால் மன்னித்துவிடலாம். சாமான் மாற்றியிருந்தால் கை வைக்காத வண்டி என்ற பேச்சே பொய்.

இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. எஞ்சினின் இடப்பக்கம், தண்ணீர்க் குழாய் நுழையும் இடத்துக்கு மேலே, நம்பர் அடித்திருக்கும். அதே நம்பரை சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்திலும் ஃபோர்டுக்காரன் அடித்து வைத்தான். இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் உண்மை தெரியும். ஆனால் பாடியை ஏற்றியதும் அது மறைந்துவிடும். பாடியைச் சற்றுத் தூக்கினால்தான் கண்ணில் படும். அதனால்தான் அதைத் திருட்டுத்தனமாக மாற்றியவர்கள் குறைவு. நம் ஊருக்கு வந்த மாடல் ஏ பெரும்பாலும் கனடாவில் செய்தது. 1926-இல் தொடங்கிய ஃபோர்டு இந்தியா, கனடா ஃபோர்டின் கிளை. பம்பாய், கல்கத்தா, மதராஸ் மூன்று ஊரிலும் இருந்தது. கனடா எஞ்சின் என்றால் நம்பர் சி.ஏ. என்று தொடங்கும். வெறும் ஏ என்றிருந்தால் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று கேள். கேட்பதில் மரியாதைக்குறைவு ஒன்றும் இல்லை. கோபப்படுகிற ஆளிடம் வாங்கவே வேண்டாம்.

ஆர்.சி. புக் விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி போட்டது. 50 வருஷம் தாண்டிய, ஆதி வடிவத்திலேயே இருக்கிற வண்டிக்குத்தான் அது. சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. நம்பர் பலகையில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். காட்சிக்கு, பேரணிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு ஓட்டலாம். தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது. இங்கே பதிந்த வண்டி என்றால் பழைய ஆர்.சி.யையும் கொடுக்க வேண்டும். "ஆர்.சி. தொலைந்துவிட்டது, நீங்களே பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏலக் குறிப்பில் ஒரு மூலையில் போட்டிருக்கிறதே, அந்த வரியைத் திரும்பப் படி. அந்த ஒரு வரிக்காக விலையில் பாதியைக் குறை. மனசு கேட்காவிட்டால் ஏலத்தையே விட்டுவிடு.

எங்கள் ஊரில் டிஸ்போசல் வண்டி ஏலம் எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'உள்ளது உள்ளபடி, இருக்கிற இடத்தில்' என்ற ஒரே வாசகத்தில் விற்பவர் கையைக் கழுவிவிடுவார். இணைய ஏலத்திலும் அதே கதைதான், படம் மட்டும் அழகாக இருக்கும். மும்பையின் அஸ்தகுரு ஏல நிறுவனம் ஓவியம் விற்கிற மாதிரியே பழங்காரையும் இணையத்தில் ஏலம் விடுகிறது. ஓவியத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா? நீயும் காரின் அடிவயிற்றைப் பார். மாடல் ஏயில் பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்கு முன்னால், பாடியோடு பாடியாக இருக்கும். அது துருப்பிடித்திருந்தால் மாற்றுவது பெரிய வேலை. கதவைத் திறந்து சற்று மேலே தூக்கிப் பார்க்கச் சொல். ஆட்டம் கொடுத்தால் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். வண்டி சென்னையில் நின்றது என்கிறாய். அப்படியானால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கே நின்றது என்று கேட்டுவிடு. சீட்டுக்கு அடியில் வண்டல் கோடு இருந்தால் கேட்கவே தேவையில்லை. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் எஞ்சின் திரும்புகிறதா என்று ஒரு வீடியோவும் வாங்கு. இதன் பேரிங் அச்சில் ஊற்றிய ஒயிட் மெட்டல். அது போயிருந்தால் ஊற்றிக் குடைந்து கொடுக்கத் தெரிந்த லேத்காரரைத் தேடி அலைய வேண்டும்.

விலையைப் பின்னாலிருந்து கணக்குப் போடு. இதே மாடல், ஓடுகிற நிலையில், தாள் சரியாக இருந்து 20 லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள் (உதாரணத்துக்குத்தான் சொல்கிறேன்). ஏலக்காரர் கமிஷன், அதன் மேல் ஜி.எஸ்.டி., லாரி வாடகை, எஞ்சின் வேலை, டயர், பதிவு எல்லாவற்றையும் கழி. மிச்சம்தான் நீ கேட்கிற உச்ச விலை. அதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடு. கடைசி இரண்டு நிமிஷத்தில் யாராவது விலை கூட்டினால் பல ஏலங்களில் நேரம் நீண்டுகொண்டே போகும். ரோஷம் வருவது அங்கேதான். மாடல் ஏ கிட்டத்தட்ட 48 லட்சம் செய்தார்கள். இது போனால் இன்னொன்று வரும். சாமான்களையும் அமெரிக்காவில் இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். ஒரு விளக்கு குறைந்தால் பயப்படாதே. யாரும் கேள்விப்படாத கம்பெனி வண்டி என்றால் அதே விளக்குக்குப் புதுப்பேட்டையை எத்தனை தடவை சுற்றினாலும் கிடைக்காது.

இனி என் கதை. டாங்கி ஃபேக்டரியில் 34 வருஷம் ஃபிட்டர் வேலை பார்த்தேன். ஓவர்ஹாலுக்கு வருகிற டாங்கியை நட்டு வரை கழற்றுவோம், மணல் அடிப்போம், தேய்ந்ததைத் தூக்கி எறிவோம், புதுசு போலப் பெயின்ட் அடித்து அனுப்புவோம். அப்படியே பழகிய கை. 1987-இல் திருமுல்லைவாயலில் ஒரு நண்பர் மோரிஸ் எய்ட் கார் வைத்திருந்தார். லீவு நாளெல்லாம் போய், பட்டி போட்டு, சிவப்பு டூகோ அடித்து, கிழிந்த தோல் சீட்டைக் குப்பையில் போட்டுப் புது ரெக்சின் தைத்தோம். ஊரே பாராட்டியது. சில வருஷம் கழித்து வாங்க வந்தவர் பானட்டைத் திறந்தார், சிவப்பை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேட்டரிக்கு அடியில் நாங்கள் மறந்துவிட்ட இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பச்சை இருந்தது. விரலால் அதைத் தடவினார். "இதை ஏன்யா மூடினீங்க?" என்றார். நண்பர் எதிர்பார்த்ததில் பாதி விலைக்குத்தான் கேட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது புரியவே வருஷங்கள் ஆயின.

2024-இல் அமெரிக்காவில் பெபிள் பீச் பழங்கார் போட்டியில் முதல் பரிசு வாங்கியது 1934 புகாட்டி டைப் 59. பழுது பார்த்துப் பளபளப்பாக்காமல், இருந்தபடியே காப்பாற்றிய வண்டி. அந்தப் போட்டியில் அப்படிப்பட்ட வண்டி ஜெயித்தது அதுவே முதல் தடவை. நீ வாங்கப்போவது பெல்ஜியம் ராஜா ஓட்டிய புகாட்டி இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் உன் படம் 11-இல் கதவு விளிம்பில் பெயின்ட் தேய்ந்து இரும்பு தெரிகிறதே, எத்தனையோ கைகள் பிடித்துத் தேய்ந்த அந்த இடத்தை எந்த டிங்கராலும் செய்து தர முடியாது. பிரேக், டயர், வயரிங் ஆகியவற்றைத் தயங்காமல் சரி செய், உயிர் சம்பந்தப்பட்டது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் குழாய் தாங்காது, அதையும் மாற்று. கழற்றியதை எல்லாம் பெட்டியில் போட்டு, தேதி எழுதி வை. பெயின்டைத் தொடாதே. வெறும் ஈரத்துணியால் துடை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில்தானே இருக்கிறாய்? அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் மியூசியத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பழைய வண்டிகளின் பக்கத்தில் நின்றுவிட்டு வா. படத்தில் தெரியாத பலது நேரில் தெரியும்.

விற்பவரிடம் சேஸிஸ் நம்பர் படம் இன்றைக்கே கேள். தருகிறேன் என்றால் எனக்கு அனுப்பு. பாடியைத் தூக்க முடியாது என்றால், வண்டி நிற்கிற இடத்துக்கு நானே வருகிறேன். இரண்டு பேரும் ஒரு ஜாக்கியும் போதும். உன் அம்மாவிடம் இதுவரை நான் எதுவும் சொல்லவில்லை.

உன் மாமா