பிரான்ஸ் மாமாவோட பணம், உங்க பேர்ல தோட்டம்: கையெழுத்துக்கு முன்னாடி படிங்க

மரக்காணம் பக்கம் ரெண்டு ஏக்கர். தென்னை, போர்வெல், சின்னதா ஒரு ஓட்டு வீடு. கடல் காத்து வரும். விலை 40 லட்சம். பிரான்ஸ்ல இருந்து மாமா போன் பண்றார்: "என்கிட்ட பிரெஞ்சு பாஸ்போர்ட், என் பேர்ல வாங்க முடியாதாம். பணம் அனுப்புறேன், உன் பேர்ல பதிவு பண்ணிடு மாப்ள. ரிட்டயர் ஆனதும் வந்து இருந்துக்கிறேன்."

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வருஷம் இந்தக் கதையோட என்கிட்ட வந்தார். புதுச்சேரியில் இது அபூர்வமே இல்லை. 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நம்ம ஊர்ல நிறைய.

மாமா சொன்னதில் முதல் பாதி சரி. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இந்தியாவில் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க ஃபெமா சட்டம் விடாது. வாரிசா வந்தா மட்டும் வச்சுக்கலாம். ஈ.சி.ஆர். ஓரமா 'ஃபார்ம் லேண்ட்'னு வேலி போட்டு விற்கிறதும் வருவாய்ப் பதிவேட்டில் புன்செய்னு இருந்தா விவசாய நிலம்தான். பட்டாவைப் பாருங்க. யூனியன் பிரதேசப் பகுதின்னா 'நிலமகள்' தளத்தில் பாருங்க.

இரண்டாவது பாதிதான் ஆபத்து. பணம் ஒருத்தருடையது, பத்திரம் இன்னொருத்தர் பேர்ல, அனுபவிக்கப்போவது பணம் கொடுத்தவர். இதுக்குப் பேர் பினாமி. மனைவி, பிள்ளைகள் பேர்ல கணக்கில் உள்ள பணத்தில் வாங்கினா சட்டத்தில் விலக்கு உண்டு, மருமகனுக்கு இல்லை. பிடிபட்டா நிலம் அரசுக்குப் போகும். 1 முதல் 7 வருஷம் வரை சிறை, சந்தை மதிப்பில் 25% வரை அபராதம். மாமாவுக்கு மட்டும் இல்லைங்க, பேர் கொடுத்த உங்களுக்கும்.

"யாருக்குத் தெரியப்போகுது சார்?"னு தம்பி கேட்டார். 30 லட்சமோ அதுக்கு மேலயோ பத்திரம் பதிவானா, சார்பதிவாளர் அலுவலகம் வருமான வரித் துறைக்குத் தகவல் அனுப்பும். அது உங்க ஏ.ஐ.எஸ்.ல வந்து உட்காரும். மாசம் 45,000 சம்பளத்துக்குப் பக்கத்தில் 40 லட்சம் நிலம். கேள்வி வராம இருக்குமா?

சரி, பரிசுன்னு எழுதிக்கலாமா? அம்மாவோட கூடப்பிறந்த தம்பி நிஜமாவே பரிசா கொடுத்தா எவ்வளவு ஆனாலும் வருமான வரி கிடையாது. (நம்ம ஊர்ல எல்லாருமே மாமாதான். தூரத்து மாமா, மாமா பையன் எல்லாம் வரிச் சட்டத்தில் உறவினர் இல்லை. வருஷத்துக்கு 50,000-க்கு மேல போனா முழுத்தொகைக்கும் வரி.) அரசு ஊழியர்னா இன்னொரு சிக்கல்: வெளிநாட்டுக் குடிமகனிடம் பணம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. தடை இருக்கு, அதில் விலக்குப் பெற்ற உறவினர் பட்டியலில் மாமா இல்லை.

ஆனா பரிசுன்னா பரிசு. நிலம் உங்களுடையது, உங்களுக்குப் பிறகு உங்க மனைவி மக்களுக்கு. "அப்புறம் திருப்பிக் கொடுத்துடணும்"னு வாட்ஸ்அப்ல ஒரு வரி இருந்தாலும் அது பினாமிக்குச் சாட்சி. மாமா பக்கமும் யோசிங்க: நீங்க மாறிட்டா, "அது என் நிலம்"னு கோர்ட்டில் கேட்க சட்டம் அவரை விடாது.

இந்தியாதான் இப்படின்னு மாமா அலுத்துக்குவார். மத்தியதரைக் கடலோரம் ப்ரோவான்ஸ்ல ஒரு பண்ணை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்க. நோட்டரி முதலில் 'சாஃபெர்'ங்கிற அமைப்புக்குத் தெரிவிக்கணும். விவசாய நிலத்தை முந்திக்கொண்டு தானே வாங்க அதுக்கு உரிமை உண்டு. முடிவெடுக்க ரெண்டு மாசம்.

தம்பி வீட்டில் ரெண்டு வாரம் பேச்சுவார்த்தையே இல்லை. கடைசியில் மாமா காலாப்பட்டு பக்கம் அங்கீகாரம் பெற்ற வீட்டுமனை ஒன்றைத் தன் பேரிலேயே, தன் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து வாங்கினார். தென்னை கிடையாது, கடல் காத்து உண்டு. மரக்காணத்தில் தம்பி கொடுத்த அட்வான்ஸ் 2 லட்சம் மட்டும் இன்னும் திரும்பி வரலை.